விசுவாசம், மனிசன்ர மதிப்பு, நன்றி: வேதபாட வகுப்பில அடிக்கடி வாற கேள்வியள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில ஒரு சின்னத் தென்னிந்திய திருச்சபைக் கோயில்ல வெள்ளிக்கிழமை பின்னேரத்தில வேதபாட வகுப்பு நடத்திறன். நான் போதகர் இல்லை, இளைப்பாறின வாத்தியார். மனிசி கத்தோலிக்கம், ஆனபடியா ரெண்டு பக்கத்துக் கேள்வியும் வீட்டுக்குள்ளயே வரும். திரும்பத் திரும்ப வாற கேள்வியளை ஒரு இடத்தில எழுதி வையுங்கோ எண்டு பெடியள் ஆக்கினை, அதுதான் இது. மறுமொழியள் என்ர, சபையின்ர உத்தியோகபூர்வ முடிவு எண்டு ஒருத்தரும் எடுத்துப் போடாதையுங்கோ.

விசுவாசம் எண்டா சந்தேகமே வரக்கூடாதோ?

வரும். மாற்கு 9ம் அதிகாரத்தில வருத்தக்கார மகனைக் கொண்டு வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" எண்டு ரெண்டையும் ஒரே மூச்சில சொல்லி அழுகிறான், இயேசு அவனை முதல்ல போய் சந்தேகத்தைத் தீர்த்துப்போட்டு வா எண்டு திருப்பி அனுப்பேல்லை, பிள்ளையைச் சுகமாக்கிக் குடுத்தவர். தோமாவின்ர கதையில எனக்குப் பிடிச்ச விசயம் வேற. அவன் நம்பமாட்டன் எண்டு சொன்ன பிறகு ஒரு கிழமை போகுது, அந்த ஒரு கிழமை கழிச்சும் அவன் மற்றச் சீடர்மாரோட அதே வீட்டுக்குள்ள தான் இருக்கிறான், ஒருத்தரும் கலைச்சு விடேல்லை. எங்கட சனமா இருந்தா "பிள்ளை பின்வாங்கிப் போச்சு" எண்டு ரெண்டாம் நாளே ஊர் முழுக்கக் கதைச்சு முடிச்சிருக்கும்.

மனிசனுக்கு மதிப்பு எங்கயிருந்து வருது?

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில தேவன் மனிசரைத் தன்ர சாயலில படைச்சார், ஆணும் பெண்ணுமாப் படைச்சார் எண்டு இருக்கு. சின்னன்ல இருந்து கேட்டுக் கேட்டு எங்களுக்கு இது பழகிப்போச்சு. ஆனா அந்தக் காலத்தில எகிப்திலயும் மெசப்பொத்தேமியாவிலயும் கடவுளின்ர சாயல் எண்டு ராசாவைத்தான் சொல்லுவினம், மற்றச் சனம் எல்லாம் வேலை செய்யவும் வரி கட்டவும். வேதம் என்ன செய்தது எண்டா ராசாவுக்கு வச்சிருந்த அந்தப் பட்டத்தை எடுத்து மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் பிள்ளை பெறுறவளுக்கும் சேர்த்துக் குடுத்திட்டுது. அதுவும் அவை ஒரு வேலையும் செய்து காட்ட முந்தி.

இனி எங்கட ஊருக்கு வாங்கோ. ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ரிசல்ட்ஸ் வந்த அண்டைக்கு ஒழுங்கையால நடந்து பாருங்கோ, ஒன்பது ஏ எடுத்த வீட்டில கேக்கும் சோடாவும், ரியூசன் மதில்ல பிள்ளையின்ர போட்டோ போட்ட பனர், நாலாம் வீட்டில பகலிலயே கதவு சாத்திக் கிடக்கும், உள்ளுக்குப் பிள்ளை அழுகிற சத்தம் வெளியில கேக்கக்கூடாது எண்டு ரீவியைக் கூட்டி விட்டிருப்பினம். எங்களிட்ட மனிசருக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்குது பாருங்கோ, கம்பஸ் எடுபடுற இசட் ஸ்கோர், விசா, சீதனம், மாடி வீடு, சாதி. கோயிலுக்குள்ள வரேக்க செருப்பைக் கழட்டினாலும் இந்தப் பட்டியலைக் கழட்டிறேல்லை.

இயேசு சிட்டுக்குருவி விலை சொன்ன இடத்தை ரெண்டு சுவிசேசத்திலயும் சேர்த்துப் பாருங்கோ. மத்தேயுவில ஒரு காசுக்கு ரெண்டு குருவி, லூக்காவில ரெண்டு காசுக்கு அஞ்சு. கணக்குப் பார்த்தா அஞ்சாவது சும்மா, யாவாரி மேலதிகமாப் போட்டு விட்டது. அந்த விலையில்லாத குருவியையும் தேவன் மறக்கிறேல்லையாம். கடைசி வாங்கிலில இருக்கிற பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்லுறது, ரிசல்ட்ஸ் வாற கிழமையில கட்டாயம் சொல்லுவன்.

கோயிலுக்குள்ளயே சாதி பார்த்த ஆக்கள் மதிப்பைப் பற்றி எங்களுக்குப் படிப்பிக்கலாமோ?

கேக்க வேண்டிய கேள்வி. அமெரிக்க மிசன் 1816 இல யாழ்ப்பாணத்துக்கு வந்தது, 1823 இல வட்டுக்கோட்டையில செமினரி, 1824 இல உடுவில்ல பெண்பிள்ளையளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம், பேந்து 1847 இல டொக்டர் கிறீன் வந்து மானிப்பாயில எங்கட பெடியளுக்குத் தமிழிலயே மேல்நாட்டு வைத்தியம் படிப்பிச்சவர், உடற்கூற்றுப் புத்தகங்களைத் தமிழில ஆக்கினவர். சனத்துக்கு அதின்ர பாசையிலயே வைத்தியம் பார்க்கோணும் எண்டு நினைச்சது மனிசரை மதிச்ச வேலைதான், அதில எனக்கு ரெண்டாம் கருத்து இல்லை. ஆனா படிப்பு வந்த அதே வாசலால சாதியும் உள்ள வந்து வாங்கிலில இருந்திட்டுது. கத்தோலிக்கக் கோயிலிலயும் எங்கட பக்கத்திலயும் ஆக்களுக்கு இடம் பிரிச்சு வச்ச காலம் இருந்தது. 1929, 30 ஆம் ஆண்டுகளில அரசாங்க உதவி பெறுற பள்ளிக்கூடங்களில சமாசனம் குடுக்கோணும், எல்லாப் பிள்ளையும் ஒரே வாங்கிலில இருக்கோணும் எண்டு வந்தபோது எதிர்த்து நிண்ட ஆக்கள் கனபேர். 1924 இல தொடங்கின யாழ்ப்பாண மாணவர் காங்கிரசில ஹன்டி பேரின்பநாயகம் மாதிரி ஆக்கள் சாதிப் பிரிவுக்கு எதிராக் கதைச்சவை, 1927 இல காந்தியை இங்க கூப்பிட்டதும் அவைதான்.

மற்றப் பக்கமும் இருக்கு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்த நேரம், 1687 இல, கோவாவில பிராமணக் குடும்பத்தில பிறந்த யோசேப் வாஸ் அடிகள் கூலிக்காரன் வேசத்தில இங்க வந்து இறங்கினவர், வீடு வீடாப் பிச்சை எடுத்து, சில்லாலைச் சனம் ஒளிச்சு வச்சுக் காப்பாற்றினது. பிறகு 1697 இல கண்டியில அம்மை வந்து வருத்தக்காரரை வீட்டாக்களே காட்டில கொண்டு போய் விட்ட நேரம் அவையளைத் தூக்கி வந்து கழுவிப் பராமரிச்சவர். 2015 ஜனவரி 14 இல பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில வச்சு அவரைப் புனிதர் ஆக்கினார். அவரின்ர திருநாளுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திப் போட்டு வந்து, மகளுக்குக் கலியாணம் பேசேக்க "எங்கட ஆக்களோ?" எண்டு தாழ்ந்த குரலில கேக்கிற ஆக்களை எனக்குத் தெரியும்.

யாக்கோபு 2ம் அதிகாரத்தை வாசியுங்கோ. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், அழுக்கு உடுப்புக்காரனுக்கு நிண்டுகொள், இல்லாட்டிக் காலடியில இரு எண்டு சொல்லுற சபையைப் பற்றி இருக்குது. அதை எங்கட கோயிலில ஞாயிறு வாசகத்துக்கு எடுத்தா அண்டைக்கு ஒருத்தரும் பிரசங்கம் நல்லா இருந்தது எண்டு சொல்லுறேல்லை.

படுக்கையில கிடக்கிற அம்மா "என்னை ஏன் இன்னும் எடுக்காமல் வச்சிருக்கிறார்" எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்லுறது?

வசனம் சொல்ல ஓடாதையுங்கோ. முதல்ல கையைப் பிடியுங்கோ.

இந்தக் கேள்வியைக் கொண்டு வாறது எப்பவும் பராமரிக்கிற மகள்மார், இல்லாட்டிச் சம்பளத்துக்கு நிக்கிற அக்காமார். பிள்ளையள் நாலு பேர் கனடா, லண்டன், வீட்டில ஆச்சியும் ஒரு வேலைக்காரப் பிள்ளையும். அந்தப் பிள்ளையின்ர காலமையை ஒருக்காப் பாருங்கோ. கஞ்சியை ஆற வைக்கோணும், கரண்டியில பாதி தான் எடுக்கோணும், வாயில விட்டுப்போட்டு தொண்டை அசையுதோ எண்டு பார்த்துத்தான் அடுத்த கரண்டி, கடைவாயால வழியிறதைத் துடைக்கோணும், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டி விடாட்டி முதுகில புண் வந்திடும், பிரட்டேக்க ஆச்சி பேசுவா, சில நேரம் அடிக்கவும் செய்வா. இதை ஒருத்தரும் வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில போடுறேல்லை. தொண்ணூறாம் பிறந்தநாளுக்கு கேக் வெட்டின போட்டோவில அந்தப் பிள்ளை நிக்கவும் மாட்டுது, ஏனெண்டா போட்டோ எடுத்ததே அவள்தான்.

மாற்கு 2ம் அதிகாரத்தில நாலு பேர் கூரையைப் பிரிச்சு ஒரு திமிர்வாதக்காரனை இறக்கிறாங்கள். அந்தக் கதையில வருத்தக்காரன் தொடக்கம் முடிவு வரை வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லேல்லை, இயேசு பார்த்தது தூக்கி வந்த ஆக்களின்ர விசுவாசத்தை எண்டுதான் எழுதியிருக்கு. ஆச்சியிட்ட நான் சொல்லுறது இதுதான், நீங்கள் எங்களைத் தூக்கினீங்கள், இப்ப எங்கட முறை, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. அவ நம்புறாவோ தெரியாது, ஆனா அண்டைக்குக் கஞ்சி கொஞ்சம் கூடக் குடிப்பா.

எல்லாத்துக்கும் நன்றி சொல்லு எண்டுகினம். போரில பிள்ளையைக் குடுத்த தாயிட்டயும் இதைச் சொல்லுவியளோ?

சொல்லமாட்டன். சொல்லுற ஆக்களோட கோபமும் வரும்.

1995 யூலை 9 இல நவாலி சென் பீற்றர்ஸ் கோயில்ல இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த சனத்துக்கு மேல குண்டு விழுந்தது, நூறு பேருக்கு மேல செத்தவை. வருசா வருசம் அந்த நாளில அங்க கூடி மெழுகுதிரி கொளுத்துகினம். அதுக்கு நன்றி சொல்லு எண்டு எந்தத் தேவன் கேப்பார்? அப்பிடிக் கேக்கிற தேவனை நான் கும்பிடமாட்டன். அதே வருசம் ஒக்ரோபர் 30 இல வலிகாமம் முழுக்க ஒரே இரவில எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, மழை, கையில பிள்ளை, சைக்கிள்ல சட்டி பானை. அந்த இரவைப் பற்றி சாட்சி சொல்ல வாற சனத்தை மறிச்சு "ஆனாலும் கர்த்தர் நல்லவர் எண்டு முடியுங்கோ" எண்டு சொல்லுற வழக்கம் எங்கட சபையளில இருக்குது. அதை நிப்பாட்டோணும். சங்கீதம் 88 ஐ வாசியுங்கோ, இருட்டிலதான் முடியுது, கடைசியில நன்றியும் இல்லை துதியும் இல்லை. அதையும் வேதத்துக்குள்ள விட்டு வச்சிருக்கினம் எண்டா அப்பிடிச் செபிக்கவும் எங்களுக்கு உத்தரவு இருக்கு.

யோபுவின்ர சிநேகிதர் மூண்டு பேரும் வந்து ஏழு நாள் இரவும் பகலும் பக்கத்தில நிலத்தில இருந்தவை, ஒருத்தரும் ஒண்டும் பறையேல்லை. அந்த ஏழு நாள்தான் அவை செய்த உருப்படியான வேலை. பிறகு வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கினவை, முடிவில தேவனே அவையளோட கோபிச்சு, யோபு மாதிரி நீங்கள் சரியாப் பேசேல்லை எண்டு சொன்னவர். செத்தவீட்டுக்குப் போறவை இந்தப் பகுதியை வாசிச்சுப் போட்டுப் போகலாம். லாசருவின்ர சவக்காலைக்குப் போகேக்க இயேசுவும் முதல்ல அழுதவர், இன்னும் கொஞ்ச நேரத்தில எழுப்பப் போறன் எண்டு தெரிஞ்சுகொண்டே.

ஆனா ஒண்டு, அந்தத் தாய்மாரே சில நேரம் தாங்களா நன்றி சொல்லுவினம். காம்பில தண்ணி தந்த ஆளுக்கு, தூக்கிக்கொண்டு ஓடின பெடியனுக்கு. அதை அவை சொல்லட்டும், நாங்கள் கேட்டு வாங்கேலாது.

நன்றி சொன்னா ஆசீர்வாதம் இரட்டிப்பா வருமெண்டு கூட்டத்தில சொன்னவை. உண்மையோ?

இல்லை. உது யாவாரம். லூக்கா 17 இல பத்துக் குட்டரோகக்காரர் சுகமானவை, ஒருத்தன் தான் திரும்பி வந்து நன்றி சொன்னவன், அதுவும் சமாரியன். மற்ற ஒன்பது பேருக்கும் ரோகம் திரும்பி வந்தது எண்டு எங்கயும் இல்லை, வந்தவனுக்குக் காணி பூமி குடுத்தது எண்டும் இல்லை. ஆபகூக் கடைசி அதிகாரத்தில அத்திமரம் துளிர்க்காட்டியும் தொழுவத்தில மாடு இல்லாட்டியும் நான் கர்த்தருக்குள்ள மகிழுவன் எண்டுறார். எங்கட தோட்டக்காரரிட்ட கேளுங்கோ, வெங்காயம் நட்டு மழையில அழுகின வருசம் எப்பிடி இருக்கும் எண்டு, நகையை அடகில வச்சுத்தான் விதை வெங்காயம் வாங்கினது. அப்ப அந்த வசனம் எவ்வளவு கனம் எண்டு விளங்கும். காணிக்கை போட்டா விசா வரும் எண்டு சொல்லுற ஆளைக் கண்டா கையில இருக்கிற பேர்சைக் கவனியுங்கோ.

அண்ணை வெளிநாட்டில இருந்து காசு அனுப்பித்தான் சீவிக்கிறம். நன்றி சொல்லிச் சொல்லியே கூனிப் போனன். இது பாவமோ?

பாவம் இல்லை, களைப்பு. இந்தக் கேள்வியை ஆக்கள் கூட்டத்துக்குள்ள கேக்கிறேல்லை, முடிஞ்ச பிறகு சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கேக்கிறவை.

ரூத்தின்ர கதையில இதுக்கு வடிவான பாடம் இருக்கு. வயல் அறுக்கேக்க ஓரத்தை அறுக்காமல், சிந்தினதைப் பொறுக்காமல் ஏழைக்கும் பரதேசிக்கும் விடோணும் எண்டு லேவியராகமம் 19 சொல்லுது. அது தர்மம் இல்லை, சட்டம். போவாஸ் அதுக்கு மேல ஒரு படி போய் வேலைக்காரரைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்கெண்டு கட்டில இருந்து கொஞ்சத்தை வேணுமெண்டே சிந்தி விடுங்கோ, அவளை வெக்கப்படுத்தாதையுங்கோ எண்டு சொன்னவர். ரூத்துக்கு அது தெரியாது. அவள் தன்ர கையால பொறுக்கி, தானே அடிச்சு, தன்ர உழைப்பு எண்டு மாமியிட்டக் கொண்டு போனவள். குடுக்கிற ஆளும் குனியேல்லை வாங்கிற ஆளும் குனியேல்லை.

எங்கட ஊரில குடுக்கிறது எப்பிடி? அரிசி, பருப்பு, சீனி, ஒரு ரின்மீன் போட்ட பை, பின்னால பனர், பையைப் பிடிச்சுக்கொண்டு கமராவைப் பார்க்கோணும், சிரிக்கவும் வேணும், கண் தெரியாத அப்புவைக்கூட இந்தப் பக்கம் திரும்புங்கோ எண்டுகினம். அந்தப் போட்டோ பேஸ்புக்கில வரும், அவரின்ர பேரப்பிள்ளையின்ர வகுப்புப் பிள்ளையளும் பார்க்கும். வலக்கை செய்யிறது இடக்கைக்குத் தெரியக்கூடாது எண்டு வாசிச்ச ஆக்கள்தான் கமராவையும் கொண்டு வாறது. எங்கட சபையில பொதி குடுக்கேக்க போட்டோ எடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்தம், குடுக்கிற வெளிநாட்டாக்கள் சிலர் கணக்குக் காட்டச் சொல்லிக் கேக்கினம், பில்லை அனுப்புறம், முகத்தை அனுப்புறேல்லை.

உங்களுக்கு மறுமொழி: அண்ணைக்கு ஒருக்கா மனசாரச் சொல்லுங்கோ, பிறகு தம்பியா அவரோட கதையுங்கோ, அங்க பனியில ரெண்டு வேலை செய்யிற மனிசன் சுகமா இருக்கிறாரோ எண்டு கேளுங்கோ. அவருக்கும் காசு அனுப்புற மெசின் மாதிரி நடத்தப்பட விருப்பமில்லை.

நாளாந்தம் நன்றியா இருக்கிறதுக்கு என்ன பயிற்சி?

கொப்பியில தினம் மூண்டு விசயம் எழுதுங்கோ எண்டு சொல்லுற முறை இருக்கு, பிழை இல்லை. ஆனா அதில "நல்ல சாப்பாடு" எண்டு எழுதுவியள், சாப்பாட்டுக்குப் பின்னால நிண்ட ஆள் வரமாட்டார். நான் பிள்ளையளுக்குச் சொல்லுறது, சாப்பாட்டுச் செபத்தில ஒரு ஆளைச் சேருங்கோ.

ஞாயிறு மத்தியானம் நண்டுக் கறி எண்டு வையுங்கோ. காலமை குருநகர், பாசையூர்க் கரையில போய்ப் பாருங்கோ, வலையில சிக்கின நண்டு ஒவ்வொண்டையும் கையாலதான் கழட்டோணும். காலை இழுத்தா முறிஞ்சிடும், கால் முறிஞ்ச நண்டுக்கு விலை குறையும், அதால முடிச்சு முடிச்சா விரலால நூலை விலத்தி எடுக்கோணும், நண்டு அதுக்குள்ள கடிக்கும், உப்புத் தண்ணி காயத்துக்குள்ள போகும். அங்க இருக்கிற ஆக்களின்ர விரல்நுனியைப் பார்த்தா தெரியும், வெள்ளையா ஊறி, குறுக்கும் மறுக்கும் கீறல். அந்த விரலை நினைச்சுக்கொண்டு செபம் சொல்லிப் பாருங்கோ, பிறகு சந்தையில அம்பது ரூபாவுக்காக நண்டு விக்கிற அக்காவோட சண்டை பிடிக்க வாய் வராது. தேவனுக்குச் சொல்லுற நன்றி அவவில போய் முடியாட்டி எங்க போய் முடியுது எண்டு எனக்கு விளங்கிறேல்லை.

இன்னும் ரெண்டு. குப்பை எடுக்க வாற பிரதேச சபை ஆளின்ர பேர் என்னெண்டு கேளுங்கோ. ஆஸ்பத்திரி வாட்டில டொக்டருக்குச் சொல்லுற நன்றியை நிலம் துடைக்கிற அக்காவுக்கும் சொல்லுங்கோ, அதே குரலில.

நேரமில்லை, எப்ப செபிக்கிறது?

பஸ்சில. கிணத்தடியில. பிள்ளை ரியூசன் முடிஞ்சு வரும்வரை மோட்டசைக்கிள்ல காவல் நிக்கேக்க போனை நோண்டுறதுக்குப் பதிலா.

கிறிஸ்தவர்கள் தைப்பொங்கல் பொங்கலாமோ?

பொங்குங்கோ. சூரியனையும் மழையையும் மாட்டையும் தந்தவருக்கு நன்றி சொல்ல எங்களுக்கு என்ன வெக்கம்? கத்தோலிக்கக் கோயில்களில பொங்கல் பூசையே வைக்கினம், எங்கட வீட்டிலயும் முத்தத்தில பொங்கித்தான் பக்கத்து வீட்டுச் சைவ ஆக்களுக்குக் குடுக்கிறம், நத்தாருக்கு கேக் கொண்டு போனா பொங்கலுக்குப் புக்கை வரும், இது எத்தினையோ தலைமுறையா நடக்குது. ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாரோட இருந்து வேதத்தைத் தமிழாக்க உதவினவர், பிறகுதான் சைவத்துக்காக எழும்பினவர். ஒத்துப்போகாத இடத்திலயும் ஒரே மேசையில இருந்து வேலை செய்த ஊர் இது.

பிள்ளையளுக்கு நன்றி சொல்லப் பழக்கிறது எப்பிடி?

"தாங்யூ சொல்லு" எண்டு ஆக்களுக்கு முன்னால பிள்ளையின்ர தலையைத் தட்டாதையுங்கோ. நீங்கள் ஓட்டோக்கார அண்ணைக்குச் சொல்லுறதைப் பிள்ளை கேக்கும். பிள்ளை தண்ணி கொண்டு வந்து தந்தாலும் சொல்லுங்கோ, பிள்ளைக்குப் பெரியாக்கள் நன்றி சொன்னா மரியாதை குறைஞ்சு போகும் எண்டு ஒரு விசர்க் கதை இருக்கு, அதை விடுங்கோ.

கோயிலுக்கு வராமல் யூரியூப்பில ஆராதனை பார்த்தாக் காணாதோ?

நடக்க ஏலாத ஆக்களுக்குக் காணும், கொரோனாக் காலத்தில எல்லாருக்கும் கை குடுத்தது அதுதான். ஏலுமானவை வாங்கோ. யூரியூப்பில பக்கத்தில இருக்கிறவர் இருமமாட்டார், உங்கட இடத்தில வந்து இருக்கமாட்டார், பழைய கோபக்காரர் சமாதானம் சொல்லக் கை நீட்டமாட்டார். எங்களுக்கு அந்தக் கரைச்சல் எல்லாம் வேணும்.

அறுவடைத் திருவிழாவுக்குத் தோட்டம் இல்லாத ஆக்கள் என்ன கொண்டு வாறது?

உங்கட கையால வாறது எதுவும். போன முறை தையல்கார அக்கா ரெண்டு பிளவுஸ் தைச்சுக் கொண்டு வந்தவ, மோட்டசைக்கிள் திருத்திற தம்பி ஒரு சேர்விஸ் இலவசம் எண்டு கடதாசியில எழுதி பூசணிக்காய்க்குப் பக்கத்தில வச்சான், ஏலத்தில பூசணிக்காயை விட அதுக்குத்தான் போட்டி. ஏலத்தில வாற காசு இந்த முறையும் படுக்கையில இருக்கிற ஆக்களின்ர வீட்டுக்குத்தான் போகுது, பம்பர்ஸ் விலை உங்களுக்குத் தெரியும் தானே. ஒரு தயவு, வாழைக்குலை, பப்பாப்பழம் கொண்டு வாறவை சனிக்கிழமை பின்னேரமே தாங்கோ, ஞாயிறு காலமை மேசை அடுக்க நேரம் காணாது.